மணல்வீடும் ஒரு பள்ளிக்கூடமே

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டி இருக்கிறது வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர். ஆடி மாதத்தில் நடைபெறும் செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழாவினால் இவ்வூரை அறிந்தவர்கள் பலர். வரலாறு படிப்பவர்களோ வேறொரு காரணத்தால் அறிவார்கள். ஊருக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருப்பதுதான் அரிக்கமேடு. ரோமானியரோடு வாணிபம் நடந்த பழைய துறை இது என்பதை 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு உலகுக்குக் காட்டியது.

வீலருக்கு முன்பே அரிக்கமேட்டின் புதையலைக் கையில் வைத்திருந்தவர்கள் யார் தெரியுமா? அப்பகுதிச் சிறுவர்கள்தாம்! 1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அவர்களிடமிருந்து பழங்கால மணிக்கற்களை விலைக்கு வாங்கினார். தாமும் மேட்டின் மேற்பரப்பில் தேடிப் பொறுக்கினார். அதன் பிறகே அறிஞர்களின் கவனம் இங்கே திரும்பியது.

ஒரு குழந்தை கல் பொறுக்கும்போது என்ன செய்கிறது என்று நீங்கள் கவனித்ததுண்டா? சிவப்பை ஒருபக்கமும் பச்சையை ஒருபக்கமும் வைக்கிறது. பெரியதையும் சிறியதையும் பிரிக்கிறது. எண்ணிப் பார்க்கிறது. தோழனிடம் ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்குகிறது. வகைப்படுத்துதல், ஒப்பிடுதல், எண்ணுதல் ஆகிய மூன்றும் விஞ்ஞானத்திற்கும் கணக்கிற்கும் அடிப்படை அல்லவா? ஆனால் நாம் அதைப் பார்த்து, “விளையாடியது போதும், போய்ப் படி” என்கிறோம்! விளையாட்டே சின்னஞ்சிறு குழந்தையின் படிப்பு என்பதை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் வரலாறு சுவையானது. நமக்கு இன்று தேவையானதும் கூட.

பத்துப் பருவங்கள்

தமிழ்ப் புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து கவனித்தவர்கள். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையில் பத்துப் பருவங்கள் வருகின்றன. ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. பிறகு கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறையும் சமயத்தில் தளர்நடை போட்டு வருவது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. கழுத்து நிற்றல், உட்காருதல், நடத்தல் என்று இன்றைய குழந்தை மருத்துவர் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறாரே, ஏறக்குறைய அதே வரிசைதான்!

கடைசி மூன்று பருவங்கள் எவை? ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது மணல்வீடு, பறை, பொம்மைத் தேர். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து வேண்டியது விளையாட்டு என்பதே இந்த வரிசை சொல்லும் செய்தி.

பாட்டியும் அத்தையும் அக்காளும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட வரையில் இதற்கென்று தனி நிலையம் எதுவும் தேவைப்படவில்லை. தாய் வீட்டை விட்டு வெகுதூரம் வேலைக்குப் போகத் தொடங்கியபோதுதான் கேள்வி எழுந்தது: குழந்தை யாரிடம் இருக்கும்?

ஆலைகள் எழுப்பிய கேள்வி

இக்கேள்வியை முதலில் சந்தித்தவை ஐரோப்பாவின் தொழில் ஊர்கள். ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற இடத்தில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-ல் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார். அடிக்கக் கூடாது; புத்தகத்தைக் காட்டித் தொல்லை கொடுக்கக் கூடாது; ஆடலும் பாடலும் வெளிக்காற்றும் வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் கட்டளையிட்டார்.

பத்தே ஆண்டுகளில், 1826-ல், பாரிஸ் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான புகலிடம் ஒன்று திறக்கப்பட்டது. (நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1826-ல்தான். அதுவே இன்றைய பிரெஞ்சு லிசே.) பாரிஸ் புகலிடத்தின் நோக்கம் நல்லது, தெருவில் கிடந்து அடிபடாமல் குழந்தைகளைக் காப்பாற்றுவது. ஆனால் இத்தகைய புகலிடங்கள் பெருகப் பெருக, நூறு குழந்தைகளுக்கு மேல் ஒரே கூடத்தில் அடைக்கப்பட்டார்கள். படிப்படியாக உயர்ந்த பலகைகளில் வரிசையாக அமர வேண்டும். சைகை ஒலி கேட்டதும் எழ வேண்டும், உட்கார வேண்டும், ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். காப்பகம் என்ற பெயரில் சின்னஞ்சிறு பட்டாளம் ஒன்று உருவாயிற்று!

இதற்கு மாற்று வழி காட்டியவர் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். 1837-ல் அவர் தொடங்கிய நிலையத்திற்கு 1840-ல் கிண்டர்கார்ட்டன், அதாவது ‘குழந்தைத் தோட்டம்’ என்று பெயரிட்டார். நூல் பந்து, மரப்பந்து, கனசதுரம், உருளை இவைதாம் அவருடைய பாடப் புத்தகங்கள். உருட்டிப் பார், அடுக்கிப் பார், கலைத்துப் பார் என்பதே பாடம். இதில் அரசுக்கு ஆபத்து என்ன இருக்க முடியும்? ஆனாலும் பிரஷ்ய அரசு 1851-ல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது! நாத்திகமும் சமதர்மமும் இவற்றின் வழியே பரவுகின்றன என்று அது சந்தேகப்பட்டது. 1860-ல் தடை நீங்கியபோது அதைப் பார்க்க ஃப்ரோபெல் உயிரோடு இல்லை; 1852-லேயே காலமாகிவிட்டார்.

பிரான்சில் மாறுதல் 1881-ல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாத ஆணை ஒன்று, புகலிடங்களை ‘தாய்மைப் பள்ளி’ என்ற பொருள்படும் ‘எக்கோல் மத்தெர்னெல்’ ஆக மாற்றியது. இப்பள்ளிகளை மேற்பார்வையிட்ட பொலின் கெர்கொமார் அம்மையார், உயர்பலகை வரிசைகளையும் ஒப்பிக்கும் முறையையும் எதிர்த்து நெடுங்காலம் போராடினார். குழந்தைக்கு விளையாட்டுத்தான் தொழில் என்பது அவர் கொள்கை. புதுச்சேரி லிசேயிலும் மழலையர் பிரிவுக்கு இன்று ‘மத்தெர்னெல்’ என்றே பெயர்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

ரோம் நகரில் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர் இருந்தார். 1907-ல் சான் லொரென்ஸோ என்ற ஏழைகளின் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துவிடப்பட்ட குழந்தைகள் அவர்கள். குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலி, மேசை, கைக்குள் அடங்கும் கருவிகள் ஆகியவற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அம்மையார் ஒதுங்கி நின்று கவனித்தார்.

இந்த அம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சுமார் 300 பேர் அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். சில மாதங்கள் தங்க வந்தவரைப் போர் தடுத்துவிட்டது. இத்தாலியர் என்பதால் அவர் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளைக் கவனித்தார். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார்.

ஆனால் ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த முறை, விலையுயர்ந்த கருவிகளால் நம் நாட்டில் பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் பள்ளிகளுக்குள் தங்கிவிட்டது. இதற்கு வழி கண்டவர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் 1920-ல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றியவர் அவர். 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. “அப்படியானால் பள்ளி அவர்களுடைய முற்றத்துக்குப் போகட்டும்” என்பது அவர் கண்ட வழி. அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். இறக்குமதிக் கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், விதை, இலை, களிமண். முற்றத்துக்கு மராத்தியில் ‘அங்கண்’ என்று பெயர். அந்த முற்றத்துப் பள்ளிதான் அங்கன்வாடி!

முப்பத்து மூன்றிலிருந்து பதினான்கு லட்சம்

பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழு, மீனா சுவாமிநாதன் தலைமையில் 1972-ல் அறிக்கை தந்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் சேர்ந்தே குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலே குழந்தைகளுக்கு மதிய உணவு தந்தது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன.

இவற்றால் பயன் உண்டா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய ஓர் ஆய்வைப் பாருங்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல மழலைக் கல்வி கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வயதில் பார்த்தபோது, மழலைக் கல்வி பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள். மற்றவர்களில் 60 சதவீதத்தினரே முடித்திருந்தார்கள்.

அதே ஊரில் 1967-ல் தொடங்கிய வேறோர் ஆய்வு, 68 குழந்தைகளை மூன்று விதமான மழலைப் பள்ளிகளில் சேர்த்தது. ஒன்றில் ஆசிரியர் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்லும் பயிற்சி. மற்ற இரண்டில் விளையாட்டும் குழந்தையே திட்டமிடும் செயல்களும். அறிவுச் சோதனையில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. ஆனால் 23 வயதில், சட்டத்தோடு அதிகம் மோதியவர்கள் முதற் குழுவினரே. இது சிறிய ஆய்வுதான். இதை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் கேள்வி கூர்மையானது: ஒப்பித்தலால் கூடுதலாகக் கிடைத்தது என்ன?

விளையாட்டில் கிடைப்பது என்ன என்று எளிதில் சொல்லலாம். களிமண் பிசையும் விரல் நாளைக்குப் பென்சில் பிடிக்கும் வலுவைப் பெறுகிறது. ‘நீ மீன் விற்கிறவள், நான் வாங்குகிறவள்’ என்று ஆடும் பிள்ளை பேச்சையும் கணக்கையும் சேர்த்துக் கற்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கும் பிள்ளை தன்னை அடக்கக் கற்கிறது.

இன்றைய கேள்வி

மீனவர் ஊரின் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் கடலில்; கரைக்கு வந்த மீனை ஏலம் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோகப் பெண்கள் கிளம்ப வேண்டும். அப்போது மூன்று வயதுக் குழந்தை யாரிடம் இருக்கும்? பார்த்துக்கொள்ள நிலையம் இல்லையென்றால், பத்து வயது அக்காள் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுவாள். ஒரு நல்ல அங்கன்வாடி இரண்டு குழந்தைகளின் படிப்பைக் காக்கிறது.

ஆனால் பெற்றோரின் குறை என்ன? “அங்கே சும்மா விளையாட விடுகிறார்கள், எழுத்துச் சொல்லித் தருவதில்லை.” அதனால் கடன்பட்டாவது எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறார்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம்! பாரிஸின் உயர்பலகை வரிசை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது. தமிழக அரசும் 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது என்ன என்பதே முக்கியம்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பும் கல்வியும் அரசுக்கான வழிகாட்டு நெறியாக மட்டுமே நிற்கின்றன. உரிமை என்று வழக்குத் தொடுக்க முடியாது. அங்கன்வாடி ஊழியரோ எடை பார்த்து, உணவு கொடுத்து, பதிவேடுகளை எழுதி முடித்த பிறகுதான் பிள்ளைகளோடு தரையில் உட்கார முடிகிறது.

வாசகர்களே, உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். “எத்தனை எழுத்துத் தெரியும்?” என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம். இங்கே மணலும் தண்ணீரும் உண்டா? தினமும் கதை சொல்கிறார்களா? அடுக்கி விளையாட ஏதாவது இருக்கிறதா? ஊழியருக்கு அதற்கு நேரம் கிடைக்கிறதா? இவற்றைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு கூடை கிளிஞ்சலும் புளியங்கொட்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு அதிகச் செலவில்லை. கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்?