தைத்து ஒட்டிய படகு

வீட்டிலேயே மரக் கயாக் செய்ய ஒரு கிட் வாங்குறீங்கன்னு வைங்க. பெட்டியில அளவா வெட்டின ப்ளைவுட் பலகைகள், செம்புக் கம்பி, கண்ணாடி இழைத் துணி, எபாக்ஸி பசை இருக்கும். பலகை ஓரத்தில் ஓட்டை போட்டு கம்பியால தைக்கணும். இழுத்து முறுக்க முறுக்க, தட்டைப் பலகை வளைஞ்சு படகாயிடும். மூட்டுல பசையும் இழைத்துணியும் போட்டு, இறுகினதும் கம்பியை உருவிடலாம்.

இந்த முறையைக் கயாக்குக்குக் கொண்டுவந்தவர் கென் லிட்டில்டைக், இங்கிலாந்தில் கைவினை ஆசிரியர். அதை ஊரறியச் செய்தது 1963-ல் வந்த மிரர் பாய்மரப் படகு. வடிவமைச்சவங்க ரெண்டு பேர்: பிபிசி டிவியில வீட்டு வேலை கத்துக்கொடுத்த பாரி பக்னெல், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட். பின்னால நின்னது டெய்லி மிரர் பத்திரிகை. அதோட வாசகர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். கிட் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். இதுவரை 70,000-க்கும் மேல கட்டியிருக்காங்க.

ஏன் இவ்வளவு? பழைய முறையில படகோட வடிவம் தச்சரோட கையிலயும் கண்ணுலயும் இருந்தது. இதுல அது பலகையோட வெட்டுலயே இருக்கு. பல வருஷம் தொழில் கத்துக்காதவரும் தண்ணியில இறங்கலாம்.

தைச்ச படகுன்னதும் நமக்கு மசூலா ஞாபகம் வரும். துறைமுகம் இல்லாத காலத்து மதராஸில், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது அதுதான். ஆனா அங்கே கயிற்றுத் தையல்தான் படகையே தாங்கும், அலை அடிச்சா நெகிழ்ந்து கொடுக்கும். இங்கே தையலுக்கு வேலை பசை காயும் வரைக்கும்தான்.