ஐந்து நிமிடப் புரதம்



மூச்சு முட்டினால் அதனை நாம் உடனே உணர்கிறோம். ஆனால் நம் உடலிலுள்ள உயிரணுக்களும் பிராணவாயுவின் குறைவைத் தனித்தனியே உணர்கின்றன. அதற்கெனவே அவற்றினுள் ஒரு புரதம் இருக்கிறது. பிராணவாயு போதிய அளவு இருக்குமிடத்தில் அப்புரதம் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அத்தகைய பொருளை அறிஞர்கள் எவ்வாறு கண்டனர் என்னும் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1875ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரான்சு நாட்டில் மூவர் 'செனித்' என்னும் பலூனில் ஏறி 8,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டினர். பிராணவாயு நிரப்பிய பைகள் அவர்களிடம் இருந்தன. ஆயினும் குழாயை வாயருகே கொண்டுசெல்லும் வலிமை கைகளுக்கு இல்லாமற் போயிற்று. இருவர் மாண்டனர், திசாந்தியே என்பவர் ஒருவரே உயிரோடு இறங்கினார். காற்று மெலிந்த உயரத்தில் உடல் விரைவில் தோற்றுவிடும் என்பதை உலகம் இவ்வாறு கண்டது.

அப்படியானால் மலைமேல் வாழும் மக்கள் எவ்வாறு பிழைக்கின்றனர்? பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையிலுள்ள மொரொகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் வியோ, தம் இரத்தத்தையே சோதித்து 1890இல் விடை கூறினார். சில வாரங்களுக்குள் அவருடைய இரத்தத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியிருந்தது. இரத்தத்தைப் பெருக்குமாறு ஏதோ ஒரு பொருள் உடலுக்கு ஆணையிடுகிறது என்று 1906இல் கார்னோ, தெஃப்லாந்தர் என்னும் இருவர் கருதினர். அப்பொருளே எரித்ரோபோயெட்டின் என்னும் ஹார்மோன். ஜப்பானிய நோயாளிகளிடமிருந்து திரட்டிய 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து, மியாகே என்னும் மருத்துவரும் சிக்காகோவின் கோல்டுவாசரும் அவர்தம் துணைவர்களும் சில மில்லிகிராம் அளவே அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அது 1977இல் நிகழ்ந்தது.

இந்த ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகம். பிராணவாயு குறைந்துவிட்டது என்று சிறுநீரகத்திற்குச் சொல்வது யார்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் செமென்சாவும் வாங் என்பவரும் 1992இல் அந்தத் தூதனை இனங்கண்டு, எச்.ஐ.எஃப்-1 என்று பெயரிட்டனர். அஃது ஆல்ஃபா, பீட்டா என இரு பகுதிகளால் ஆனது என்பது 1995இல் தெளிவாயிற்று. ஆல்ஃபாவே நாம் பேசும் புரதம்.

அதனைக் காண்பதற்கு வேண்டிய கருவி அதற்கு முன்பே உருவாகியிருந்தது. புரதங்களைக் கூழ்ப்பலகை ஒன்றில் மின்சாரத்தால் ஓட்டினால், சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். 1979இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டோபின் குழுவினர், அவ்வாறு பிரிந்த புரதங்களை மெல்லிய தாள் ஒன்றிற்கு மின்சாரத்தாலேயே மாற்றினர். எழுதிய மையை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுப்பது போன்ற செயல் இது. பிறகு, நாம் தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அத்தாளின்மேல் ஊற்றினால், புரதம் உள்ள இடம் பட்டையாகத் தோன்றும். மரபணுப்பொருளை ஒற்றும் முறையைச் சதர்ன் என்பவர் 1975இல் வகுத்திருந்தார். அவர் பெயருக்குத் 'தெற்கத்திய' என்று பொருள். அதனையொட்டி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் பணியாற்றிய பர்னெட் தம் முறைக்கு 'வெஸ்டர்ன் பிளாட்' என வேடிக்கையாகப் பெயரிட்டார். அவருடைய கட்டுரை முதலில் மறுக்கப்பட்டது, 1981இல் அச்சேறியது. பெயர் நிலைத்துவிட்டது.

கருவி கிடைத்தும் வேலை எளிதாகவில்லை. உயிரணுக்களை நூற்றுக்கு ஒரு பங்கு பிராணவாயு மட்டுமுள்ள பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் ஆல்ஃபா புரதம் திரளும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். ஆகவே பனிக்கட்டியின் குளிரிலேயே வைத்து, விரைந்து அணுக்களைக் கரைத்தல் வேண்டும். கை தாமதித்தால் தாளில் பட்டை தோன்றாது. அந்த வெற்றிடம் 'புரதம் இல்லை' என்று சொல்கிறதா, 'நீ தாமதித்தாய்' என்று சொல்கிறதா? தாளை மட்டும் பார்த்து அதனை அறிய இயலாது.

இதனால்தான் நல்ல ஆராய்ச்சியாளர் ஒரே தடத்தை நம்புவதில்லை. சாதாரணக் காற்றில் வளர்ந்த அணுக்களுக்கு ஒரு தடம். காற்றுக் குறைவில் வைத்தவற்றிற்கு ஒரு தடம். பிராணவாயு இல்லாததுபோல் அணுவை மயக்கும் கோபால்ட் குளோரைடு இட்டவற்றிற்கு மற்றொரு தடம். எல்லாத் தடங்களிலும் சம அளவு புரதம் இடப்பட்டதா என்பதற்கு ஆக்டின் என்னும் புரதம் சான்று. எடையிலும் எச்சரிக்கை வேண்டும். 826 அமினோ அமிலங்களாலான ஆல்ஃபாவின் எடை கணக்கின்படி ஏறத்தாழ 93 கிலோடால்டன். கூழ்ப்பலகையிலோ அது 120ஐ ஒட்டியே நிற்கும். இதனை அறியாதவர் வேறொரு பட்டையை உண்மையென்று கொள்ளக்கூடும்.

இத்தகைய சோதனைகளின் வழியே புரதம் மறைவதன் காரணமும் புலப்பட்டது. ஏரிக்கு நீர் ஓயாது வந்தாலும், மதகு திறந்திருந்தால் நீர் தேங்குவதில்லை. அதுபோல ஆல்ஃபா எப்போதும் உண்டாகிறது, எப்போதும் அழிகிறது. பிராணவாயு உள்ளவரை அணு அப்புரதத்தின்மீது ஓர் அடையாளம் இடுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டு வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் அதனை அழிவுக்கு அனுப்புகிறது. பிராணவாயு குறைந்தால் மதகு அடைபடுகிறது, புரதம் உயர்கிறது. வி.எச்.எல். பழுதுற்ற சிறுநீரகப் புற்றுநோய் அணுக்களில் காற்று நிறைந்திருந்தும் ஆல்ஃபா அழியாமல் நிற்பதை ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் குழுவினர் 1999இல் காட்டினர். அடையாளம் இன்னது என்பதை 2001இல் அவர்களும் பாஸ்டனின் கேலின் குழுவினரும் வெளியிட்டனர். செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த மதகை அடைத்து இரத்தம் பெருகச் செய்யும் மருந்து, சிறுநீரக நோயால் சோகையுற்றோர்க்காக 2018இல் சீனாவில் முதன்முதலாக ஏற்கப்பட்டது.

நண்பர்களே! நாளை நீங்களும் சோதனைச்சாலையில் நிற்கலாம். வெற்றிடத்தைக் கண்டவுடன் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். விரைந்து செய்தோமா, ஒப்பிட்டுப் பார்த்தோமா, சம அளவு இட்டோமா என்று மூன்று முறை கேளுங்கள். அதன் பிறகு எழுதும் 'இல்லை' என்னும் சொல்லுக்கே மதிப்பு உண்டு.