எல்லை மாறினும் மதிப்பு மாறாத பட்டம்

சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியானதும் எழும் கேள்வி ஒன்றுண்டு. "இங்கே பெறும் பட்டம் சென்னையிலும் செல்லுமா?" என்பதே அது. இதற்குரிய விடை வரலாற்றில் உள்ளது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

1857-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகம், லண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றித் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே விளங்கிற்று. பாடம் கற்பித்தவை கல்லூரிகள். அளந்து பார்த்தது பல்கலைக் கழகம். நம் பகுதியும் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. பின்னர் நாட்டில் பல்கலைக் கழகங்கள் பெருகவே, ஒன்றன் பட்டத்தை மற்றொன்று ஏற்றற்பொருட்டு 1925-இல் ஒரு கூட்டு வாரியம் அமைந்தது. அதுவே இன்றைய இந்தியப் பல்கலைக் கழகங்களின் சங்கம்.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைந்தது. மறு ஆண்டே திருப்பதியில் திருவேங்கடவன் திருநாமம் தாங்கிய பல்கலைக் கழகம் எழுந்தது. மாநிலம் இரண்டானபோது அளவுகோலும் இரண்டாகிவிடாதோ?

அவ்வாறு ஆகாமற் காத்தது அரசியல் சட்டம். உயர்கல்வியின் தரத்தை வரையறுக்கும் பொறுப்பை அது மத்தியப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் வைத்தது. 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக் கழகக் கல்விக் குழுவும் மானியக் குழு வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதன் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன், திருத்தணியிற் பிறந்து இளமையில் திருப்பதியிலும் பயின்றவர். அத்திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்து ஊரே என்பதை எண்ணுங்கால் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. 1953 டிசம்பரில் மௌலானா ஆசாத் அவர்கள் மானியக் குழுவைத் தொடங்கி வைத்தார். 1956-இல் அது நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது.

அச்சட்டத்தின் 22-ஆவது பிரிவு நாம் அனைவரும் அறியவேண்டியது. மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக் கழகம், நிகர்நிலை பெற்ற நிறுவனம், நாடாளுமன்றம் தனி அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகிய இவையே பட்டம் வழங்கலாம். ஆனால் மீறுவோர்க்கு அச்சட்டம் விதித்த அபராதமோ ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாதது! வேலி எழுப்பியவர்கள் முள் வைக்க மறந்தனர் போலும்.

2002-இல் சத்தீஸ்கர் மாநிலம் இயற்றிய சட்டத்தின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக் கழகங்கள் முளைத்தன. பலவற்றிற்குக் கட்டடமே இல்லை. மானியக் குழுவின் முன்னாள் தலைவர் பேராசிரியர் யஷ்பால் வழக்குத் தொடுத்தார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அப்பல்கலைக் கழகங்களுக்கு ஆதாரமாயிருந்த விதிகளைச் செல்லாதன என்றது.

செல்லுபடியாவது வேறு, சிறந்து விளங்குவது வேறு. முன்னதைச் சட்டம் காட்டும். பின்னதை அளக்க 1994-இல் பெங்களூரில் தேசிய மதிப்பீட்டுக் குழு, அதாவது நாக், ஏற்பட்டது.

நம் காலனி இளைஞர் ஒருவர் பணம் கட்டி, அஞ்சல் வழியே பட்டம் பெற்றார். வேலைக்குத் தேர்வானபின், சான்றிதழ் சரிபார்ப்பில் அது செல்லாதென்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தந்தை நம்மிடம் கேட்டது ஒன்றே: "முன்பே யாரும் சொல்லவில்லையே?" அக்குறை நம் அனைவருடையதும் ஆகும்.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். எந்தச் சட்டத்தால் அமைந்த நிறுவனம்? மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா? தொலைநிலைக் கல்வியாயின், அந்தப் படிப்பிற்கு அந்த ஆண்டில் ஒப்புதல் உண்டா? சட்டம், மருந்தாளுமை போன்ற தொழிற்படிப்புகளுக்கு அவற்றிற்குரிய மன்றங்களின் ஏற்பும் வேண்டும்.

பயணச்சீட்டை வண்டி ஏறுமுன் பார்ப்பதே அறிவுடைமை. இறங்கும் நிலையத்திற் பார்ப்பது பயன் தராது. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!