தெரசே ஹெல்லரின் நான்கு மாதங்கள்

1881 ஜனவரி 29. வியன்னாவில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், 43 வயதான தெரசே ஹெல்லர் என்னும் பெண்ணின் வயிற்றைத் திறந்து, இரைப்பையின் கீழ்வாயை அடைத்திருந்த புற்றை வெட்டியெடுத்தார். எஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துப் பட்டு நூலால் தைத்தார். சுமார் ஒன்றரை மணி நேரம். மருத்துவ வரலாறுகள் யாவும் 'முதல் வெற்றி' என்று குறிக்கும் நாள் இது. அவை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு: நான்கு மாதங்கள் நிறைவதற்குள் அப்பெண் அதே நோயால் இறந்துபோனார்.

எக்ஸ் கதிர் அறியப்படாத காலம். ஓயாத வாந்தி, உடல் மெலிவு, மேல்வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகியவையே நோயை அறியும் வழிகள். கட்டி கைக்குத் தட்டுப்படுகையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இடது காறையெலும்புக்கு மேலே நிணநீர்க் கணு வீங்கினால் வயிற்றின் புற்று பரவியிருக்கலாம் என்று ருடால்ஃப் விர்ஹோ 1848இல் எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அவ்விடத்தைத் தொட்டுப் பார்க்கக் கற்கிறார்கள். அறிய முடிந்தது, செய்யத்தான் ஏதுமில்லை.

பில்ரோத் துணிச்சலுக்காகத் துணிந்தவர் அல்லர். (இசைவாணர் பிராம்ஸின் நண்பர், பிராம்ஸ் தம் இரு நால்வர் இசைப் படைப்புகளை இவருக்கே காணிக்கையாக்கினார்.) அவருடைய உதவியாளர்கள் முதலில் நாய்களிடம் இவ்வறுவையைச் சோதித்தனர். பின்னர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினர். கீழ்வாய்ப் புற்றால் இறந்தோரில் கணிசமானவர்களுக்கு நோய் வேறெங்கும் பரவியிருக்கவில்லை என்பது தெரிந்தது. அந்த எண்ணிக்கைதான் நம்பிக்கை. 1879இல் பாரிஸில் பெயானும், 1880இல் ரிடிகியெரும் செய்த அறுவைகளில் நோயாளிகள் சில நாட்களுக்குள் மடிந்திருந்தனர்.

தெரசே ஹெல்லர் எட்டுக் குழந்தைகளின் தாய். புளித்த பாலைத் தவிர வேறெதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. அறுவைக்குப் பின் உண்ணத் தொடங்கி வீடு திரும்பினார். மே மாதம் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது தையல் செவ்வனே ஆறியிருந்தது. புற்றோ வயிற்றுக்குள் பரவியிருந்தது. கை செய்ய வேண்டியதைப் பிழையின்றிச் செய்திருக்கிறது. கண்ணுக்கு எட்டாததைக் கை எவ்வாறு அகற்றும்? அந்த இரைப்பை இன்றும் வியன்னாவின் யோசெஃபினும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் மனம் நிலைகொள்வது அவ்வாண்டின் இன்னொரு நாளில். செப்டம்பரில் பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். புற்றை அகற்ற இயலாது என்று கண்டார். மூடிவிடாமல், அடைபட்ட வாயை அப்படியே விட்டு, சிறுகுடலை இரைப்பையோடு வேறோரிடத்தில் இணைத்தார். நோய் உள்ளேயே இருந்தது. உணவுக்கு மட்டும் வழி பிறந்தது. வரலாறு இதை 'வெற்றி' என்று கொண்டாடுவதில்லை.

வெளியிலிருந்து காண முடியாத பரவலை இன்று சி.டி. ஸ்கேனும், சிறு துளை வழியே கருவி செலுத்தி வயிற்றுக்குள் நோக்கும் முறையும் பெரிதும் காட்டிவிடுகின்றன. பரவியது உறுதியானால் பொதுவாக இரைப்பையை அகற்ற முனைவதில்லை, மருந்துகளே முதன்மை. கீழ்வாய் அடைபட்டால் உலோக வலைக்குழாய் வைக்கிறார்கள். சிலருக்கு, வோல்ஃப்லர் செய்ததுபோலவே, குடலை இரைப்பையோடு இணைக்கிறார்கள்.