மறையூர்

மறையூர்: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் உள்ள மலையூர். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில், இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவாதலால் இது மழைமறைவுப் பகுதி. மூணாற்றில் ஆடி மழை கொட்டித் தீர்க்கும்போது இங்கே சாரலோடு சரி. ஊரையொட்டி ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கே பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்று. மற்றவை கபினி, பவானி. அது சின்னாற்றோடு கூடி அமராவதியாகிக் காவிரியில் சேர்கிறது. தண்ணீர் போன திசையிலேயே ஊரின் சந்தையும் பேச்சும் உடுமலைப் பக்கம் சாய்ந்திருந்தன.

பெயர்: வனவாசத்தில் பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்பது தலபுராணம். பாண்டவர் தங்காத மலை தென்னாட்டில் எங்கும் இல்லை என்பதால் இதை ஒதுக்கிவிடலாம். சுற்றிலும் மலைகள் மறைக்க உள்ளடங்கிக் கிடக்கும் ஊர் என்பதே பொருத்தமான பொருள்.

கற்திட்டைகள்: மறையூரின் பெருமை அதன் பெருங்கற்காலச் சின்னங்களே. ஊர்க்காரர்கள் இவற்றை முனியறை என்பார்கள். முனிவர்கள் தவம் செய்த அறை என்று பொருள் சொல்வார்கள். கட்டும் முறை எளியது. நான்கு பலகைக்கற்களை நிமிர்த்திப் பெட்டிபோல் நிறுத்தி, ஐந்தாவதைக் கூரையாகச் சாத்தினால் திட்டை முடிந்தது. சாந்தோ முளையோ கிடையாது. கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. பாம்பாற்றங்கரை ஊரான கோவில்கடவுக்கு அருகில் மொட்டைப்பாறை மேல் நிற்கும் திட்டையொன்றுக்குள் குனிந்து பார்த்தால் உட்கார இடமுண்டு, நிற்க இடமில்லை. மூடுகல்லின் கீழ்ப்பக்கம் பிளந்தெடுத்த சொரசொரப்போடு அப்படியே இருக்கிறது. அதே பாறையில் பலகை பலகையாக உரியும் இடங்களைப் பார்த்தால், கட்டியவர்கள் கல்லுக்காக வெகுதூரம் போகவில்லை என்பது தெரியும். பக்கக்கல் ஒன்று சாய்ந்து கூரை சரிந்த திட்டைகளே இன்று மிகுதி.

இவை வாழிடங்களா ஈமச்சின்னங்களா என்று கேட்பவர்கள் உண்டு. இறந்தோர்க்கு எடுத்தவையே. மண்ணில்லாத பாறையில் குழி தோண்ட முடியாததால், அடக்கம் தரைக்கு மேல் வந்தது. சங்கப் பாடல்களில் வரும் பதுக்கையும் (இறந்தோர் மேல் குவித்த கற்கள்) நடுகல்லும் இந்த வழக்கத்தின் உறவினர்களே. பழனி மலைத் தொடரிலும் இதே வகைத் திட்டைகள் உள்ளன. அவற்றை ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரிமார் அளந்து படம் வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இரண்டு மலைகளையும் பிரிப்பது பிற்கால எல்லைக்கோடு மட்டும்தான். சந்தனக் காட்டுக்குள் எழுத்துக் குகை என்ற இடத்தில் பாறை ஓவியங்களும் உண்டு.

அஞ்சுநாடு: மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. இதன் வேளாண் குடிகள் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். முதுவரும் மலைப்புலையரும் இங்குள்ள பழங்குடிகள். பூஞ்ஞாறு அரசர் 1877இல் பிரித்தானிய அதிகாரியான ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்ட மலையின் பெயரிலேயே கண்ணன் தேவனோடு அஞ்சுநாடும் இருந்தது. ஆனால் அந்த மலையில் பின்னர் பரவிய தேயிலை தலையாறு எஸ்டேட்டோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே மழை போதாது. 1956 மொழிவழிப் பிரிவினையில் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற தமிழர் கோரிக்கையை மீறித் தேவிகுளம் கேரளத்தோடு போயிற்று. 1972இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதில் சேர்ந்தது.

சந்தனம்: கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக வளர்வது இங்கேதான். சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சும். எனவே தனியாக நட்டால் தேறாது. மணம் வைரத்தில் மட்டுமே. வெளிமரத்தில் வாசனை இல்லை. சாலையோரத்து மரங்கள்கூட எண்ணிடப்பட்டு, கம்பிவேலிக்குள் வனத்துறைக் காவலில் நிற்கின்றன. கட்டைகளை வனத்துறை மறையூர்க் கிடங்கிலிருந்தே ஏலம் விடுகிறது. திருட்டும் ஸ்பைக் நோயும் மரங்களின் இரு பகைகள்.

வெல்லம்: பாம்பாற்றுப் பாசனத்தில் கரும்பு விளைகிறது. ஓலைக் கொட்டகையில் ஆலை ஆட்டி, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, பிழிந்த சக்கையையே காயவைத்து எரித்துக் காய்ச்சுவார்கள். சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே பொங்கும் அழுக்கை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். பாகு இறுகியதும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். விரல் தடம் உருண்டையில் பதிந்திருக்கும். நிறம் கரும்பழுப்பு, உப்புக்கரிப்பு இல்லை. வேற்றூர் வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுவதாக உழவர்கள் நெடுநாள் குறைப்பட்டு வந்தனர். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று: கிராம ஊராட்சி. தமிழும் மலையாளமும் வழங்குகின்றன. தங்கும் விடுதிகளும் ஜீப் வாடகையும் பெருகியுள்ளன. அருகில் சின்னாறு வனவிலங்கு சரணாலயம் (1984), தூவானம் அருவி.