சேறு விற்றவர்களின் நூறு ஆண்டுகள்

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, சுழலும் குழாயின் உட்புறமாக ஒரு திரவத்தைக் கீழே செலுத்துவார்கள். அது குழாயின் அடியிலுள்ள ‘பிட்’ எனும் வெட்டுமுனையின் துளைகள் வழியே பீய்ச்சி வெளிப்பட்டு, வெட்டிய கல்துணுக்குகளைச் சுமந்துகொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே மேலேறி வரும். தரையில் சல்லடையில் வடிகட்டி, மீண்டும் உள்ளே அனுப்புவார்கள். இந்தத் திரவத்துக்குத் துளையிடும் தளமான ரிக்கில் வழங்கும் பெயர் ‘மட்’, அதாவது சேறு. துணுக்குகளை அள்ளி வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் வேலை. பிட்டைக் குளிரவைப்பதும், சுவர் சரியாமல் பார்ப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக, பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயுவையும் எண்ணெயையும் தன் எடையால் அழுத்திப் பிடித்து வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். ஆழ்கிணறுகள் சாத்தியமானது இந்தச் சேற்றால்தான். அதை விற்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் 1920களில் தோன்றி, உலகம் முழுவதும் பரவி, கடைசியில் இரண்டு மூன்று பெரிய குழுமங்களுக்குள் அடங்கின.

தொடக்கத்தில் சேறு விலைக்கு வாங்கும் பொருளாகவே இல்லை. 1900இல் டெக்சாஸின் பியூமாண்ட் ஊருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் ஆன்டனி லூகாஸுக்காகக் கிணறு தோண்டிய ஹாமில் சகோதரர்கள், இளமணல் சரிந்து துளையை மூடிக்கொண்டே இருந்ததால் திணறினார்கள். தெளிந்த நீரை விட்டுச் சேற்று நீரைச் செலுத்தியபோது களிமண் சுவரில் பூச்சுபோல் ஒட்டி மணலை நிறுத்தியது. அந்தச் சேற்றைக் கலக்க ஒரு குட்டையில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டார்கள் என்று சொல்லப்பட்டு வருகிறது. 1901 ஜனவரி 10 அன்று, சுமார் ஆயிரம் அடி ஆழத்தில், புது பிட்டை மாட்டிக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தபோது முதலில் மேலே வந்தது அந்தச் சேறுதான். கொப்பளித்து வழிந்தது, பிறகு குழாய்கள் பீறிட்டு வெளியே பறந்தன, பிறகு வாயு, பிறகு எண்ணெய். ஒன்பது நாள் அடக்க முடியாமல் ஓடிய அந்த ஊற்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் பீப்பாய் கக்கியதாக அன்று மதிப்பிட்டார்கள். உலகம் அதை வெற்றியாகக் கொண்டாடியது. சேற்றின் கணக்கில் பார்த்தால் அது ஒரு தோல்வி: சுவரை நிறுத்தத் தெரிந்த சேற்றுக்கு அழுத்தத்தை நிறுத்தும் எடை இல்லை.

எடைக் கணக்கு எளிது. 3,000 மீட்டர் ஆழக் கிணற்றில் வெறும் நீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 300 கிலோ அழுத்தும். பாறைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் அதற்கு மேல் போனால் நீர் தோற்கும். அதே கிணற்றில் நீரைப்போல் 1.8 மடங்கு கனமான சேறு நின்றால் அழுத்தம் 540 கிலோ. களிமண்ணைக் கூட்டிக்கொண்டே போய் இந்த எடையை எட்ட முடியாது; அதற்குள் சேறு கெட்டிப்பட்டு பம்பு இழுக்காது. கனமாகவும், நீரில் கரையாததாகவும், குழாயை அரிக்காததாகவும் ஒரு தூள் தேவைப்பட்டது.

அந்தத் தேவையை 1920களின் தொடக்கத்தில் தீர்த்தவர் லூசியானா மாநிலத்தில் பணியாற்றிய பென் ஸ்ட்ரௌட். மன்ரோ வாயு வயலில் கிணறுகள் அடிக்கடி வெடித்துப் பீறிட்டன. அவர் முதலில் இரும்பு ஆக்சைடைச் சேற்றில் கலந்து பார்த்தார். பிறகு பேரைட்டுக்கு வந்தார். பேரைட் நீரைவிட 4 மடங்குக்கும் சற்று அதிகக் கனமுள்ள வெளிறிய கனிமம். பெயிண்டில் நிரப்பியாகச் சேர்ப்பார்கள். அதை அரைத்து விற்றவர்களில் ஒருவர் செயின்ட் லூயிஸின் நேஷனல் பிக்மென்ட்ஸ் நிறுவனத்தார்; ‘டச்சு பாய்’ பெயிண்டுக்குப் பெயர்பெற்ற நேஷனல் லெட் குழுமத்தின் கிளை அது. 1926இல் காப்புரிமை கிடைத்ததும், பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த அதே தூள் ‘பாராய்டு’ என்ற பெயரில் எண்ணெய் வயலுக்குப் போனது. புதிய பொருள் எதையும் கண்டுபிடிக்காமல், கையிலிருந்த பொருளுக்குப் புதிய சந்தையைக் கண்டதுதான் இந்தத் தொழிலின் முதல் வளர்ச்சி.

ஆனால் கனமான தூள் மட்டும் போதவில்லை. பம்பை நிறுத்தினால் பேரைட் அடியில் படிந்துவிடும். அதை மிதக்கவிட, நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகும் பென்டோனைட் களிமண் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா டால்க் நிறுவனம் அதை ‘அக்வாஜெல்’ என்று விற்றுவந்தது. ஒருவரிடம் எடை, இன்னொருவரிடம் பசை. 1930களின் தொடக்கத்தில் இருவரும் கைகோத்து விற்பனை நிறுவனமொன்றைத் தொடங்கினார்கள். அதுவே பாராய்டு என்று பின்னாளில் உலகறிந்தது.

இங்கிருந்து தொழிலின் போக்கு மாறியது. மூட்டையை மட்டும் ரிக்கில் இறக்கிவிட்டுப் போனால், துளையிடுபவர் அளவு தெரியாமல் கொட்டுவார், சேறு கெட்டுப்போகும், பழி மூட்டைமேல் விழும். ஆகவே மூட்டையோடு ஒரு ஆளையும் அனுப்பினார்கள். ‘மட் இன்ஜினியர்’ என்ற பணி அப்படித்தான் பிறந்தது. அவரிடம் இருந்த கருவிகள் இன்றும் ஒவ்வொரு ரிக்கிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1931இல் ஹாலன் மார்ஷ் அறிமுகப்படுத்திய புனல். அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மேலேயுள்ள வலை வழியே சேற்றை ஊற்றி நிரப்பி, விரலை எடுத்துவிட்டு, கீழே வைத்த குவளையில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு சேர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவார்கள். நீருக்கு 26 வினாடி. சேற்றுக்கு நேற்று 42 இருந்தது இன்று 55 ஆனால், கீழே களிமண் பாறை கரைந்து கலக்கிறது என்று ஊகிக்கலாம். தராசு, புனல், ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றை வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் கீழே நடப்பதைச் சொன்ன அந்த ஆள்தான் நிறுவனத்தின் உண்மையான சொத்து. தூளை யாரும் அரைக்கலாம்.

இந்த ஆளின் சேவைக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. பொருளின் விலையிலேயே அது அடங்கியிருந்தது. வாடிக்கையாளருக்கு அது இலவசம்போல் தோன்றியதால் பாராய்டு வேகமாக வளர்ந்தது. அதே ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. எவ்வளவு மூட்டை கொட்ட வேண்டும் என்று சொல்பவரே மூட்டை விற்பவராகவும் இருந்தார். நல்ல இன்ஜினியர்கள் தேவைக்கு மேல் ஒரு மூட்டையும் பரிந்துரைக்காமல் நம்பிக்கையைச் சம்பாதித்தார்கள். ஆனாலும் சந்தேகம் தொழிலோடு ஒட்டிக்கொண்டது. நாள் சம்பளத்துக்கு இன்ஜினியர், தனி விலைக்குப் பொருள் என்று பிரித்து வைக்கும் ஒப்பந்தங்கள் பிற்காலத்தில் வந்தன.

சேற்றிலிருந்தே மற்றொரு சேவையும் கிளைத்தது. மேலேறி வரும் சேறு கீழே எந்தப் பாறை, எந்த வாயு என்ற செய்தியையும் கொண்டுவருகிறது. அதைத் தொடர்ந்து சோதித்துப் பதிவுசெய்யும் ‘மட் லாக்கிங்’ சேவையைப் பாராய்டு 1939இல் வணிகமாகத் தொடங்கியது. அதுவரை கழிவாகப் பார்த்ததைத் தகவலாக விற்றார்கள். இத்தொழிலின் எல்லா வளர்ச்சி முடிவுகளிலும் இதுவே கூர்மையானது.

போட்டியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆர்கன்சாவின் மேக்னெட் கோவ் பேரைட் சுரங்கத்திலிருந்து எழுந்தது ‘மேக்கோபார்’. 1949இல் டிரெஸ்ஸர் இண்டஸ்ட்ரீஸ் அதை வாங்கியது. ஹாலிபர்ட்டனிடம் ‘இம்கோ’ இருந்தது. மில்வைட் நிறுவனத்தின் வழிவந்த ‘மில்செம்’ 1970களின் தொடக்கத்தில் பேக்கர் குழுமத்துக்குப் போனது. பாராய்டையும் சேர்த்து இந்த நால்வரும் அரைவை ஆலைகளைத் துறைமுகங்கள் ஓரமாக அமைத்து, ரிக் எங்கே போனாலும் பின்னாலேயே போனார்கள். பேரைட் கனமானது, மலிவானது. தொலைவு கூடினால் சரக்குக் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே யாருடைய கிடங்கு கிணற்றுக்கு அருகில் இருக்கிறதோ அவருக்கே வேலை. நம் பக்கத்திலும் இதன் தடம் உண்டு. ஆந்திராவின் கடப்பா வட்டாரத்து மங்கம்பேட்டையில் உள்ள பேரைட் படிவம் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அங்கிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும் கப்பலேறி எண்ணெய் வயல்களுக்குப் போகிறது.

1981 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் 4,530 ரிக்குகள் ஓடின. 1986 ஜூலையில் அவை 663. எண்ணெய் விலை சரிந்து பீப்பாய் 10 டாலரை ஒட்டி வந்ததும், நால்வருக்குப் போதுமான வேலை இல்லாமல் போனது. அந்த ஆண்டுதான் டிரெஸ்ஸரின் மேக்கோபாரும் ஹாலிபர்ட்டனின் இம்கோவும் இணைந்து ‘எம்-ஐ’ ஆயின. ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் பெயரில் நின்றது. நல்ல காலத்தில் கிடங்கு திறந்து வளர்ந்தவர்கள், கெட்ட காலத்தில் எதிராளியோடு சேர்ந்து வளரக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த கால் நூற்றாண்டு முழுக்க இந்தப் பாடமே திரும்பத் திரும்ப நடந்தது.

1990இல் நேஷனல் லெட்டின் வாரிசான என்.எல். இண்டஸ்ட்ரீஸிலிருந்து பாராய்டு தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1994 தொடக்கத்தில் டிரெஸ்ஸர் அதை வாங்கியது. எம்-ஐயில் பெரும்பங்கும் டிரெஸ்ஸரிடமே இருந்ததால், சேற்றுச் சந்தையின் முதல் இரண்டு பெயர்களும் ஒரே கையில் சேர்ந்துவிடும் என்று அமெரிக்க நீதித் துறை தடுத்தது. ஒன்றை விற்கச் சொன்னது. டிரெஸ்ஸர் எம்-ஐயில் தன்னிடமிருந்த 64 சதவீதத்தை பிட் தயாரிப்பாளரான ஸ்மித் இன்டர்நேஷனலுக்கு 16 கோடி டாலருக்கு விற்றது. நாற்பத்தைந்து ஆண்டு வளர்த்த மேக்கோபாரின் வழிவந்ததைக் கொடுத்துவிட்டு, அத்தனை ஆண்டும் எதிர்த்துப் போட்டியிட்ட பாராய்டை வைத்துக்கொண்டது.

1998இல் ஹாலிபர்ட்டன் 770 கோடி டாலர் மதிப்பில் டிரெஸ்ஸரையே வாங்கியபோது அதே சிக்கல் மீண்டும் வந்தது. எம்-ஐயில் எஞ்சியிருந்த 36 சதவீதத்தை ஹாலிபர்ட்டன் 26.5 கோடி டாலருக்கு ஸ்மித்திடம் ஒப்படைத்தது. இம்கோவைப் பெற்றவர் பாராய்டின் உரிமையாளரானார். இம்கோ எதிரணியில் நின்றது. அதன்பின் 1999 ஜூலையில் ஸ்மித்தும் எண்ணெய் வயல் சேவை நிறுவனமான ஷ்லும்பர்ஜரும் தங்கள் சேற்றுத் தொழில்களை 60-க்கு-40 கூட்டாக இணைத்தன. 1994ஆம் ஆண்டு வழக்கில் நீதிமன்றம் இட்ட ஆணை அத்தகைய இணைப்பைத் தடுத்திருந்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக இருவருக்கும் தலா 7.5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது; கூட்டு லாபத்தில் 1.31 கோடி டாலரும் கைவிட வேண்டியதாயிற்று. கூட்டு நிறுவனம் நிலைத்தது. சேற்றிலிருந்து துணுக்கைப் பிரிக்கும் ‘ஸ்வாகோ’ கருவிகளும் கையில் இருந்ததால், அது ‘எம்-ஐ ஸ்வாகோ’ என்ற பெயரில் உலகச் சந்தையின் முன்வரிசைக்கு வந்தது.

இதே ஆண்டுகளில் பொருளும் மாறிக்கொண்டிருந்தது. களிமண் பாறை நீர் பட்டால் ஊதும் என்பதால் டீசல் கலந்த சேறு பல காலமாகப் பயன்பட்டுவந்தது; ஆனால் கடலில் அதன் கழிவு நஞ்சு. 1990இல் பாராய்டு வட கடலில் எஸ்டரை அடிப்படையாகக் கொண்ட செயற்கைச் சேற்றை இறக்கியது. ஆழ்கடல் கிணறுகள் பெருகியபோது, ஒரு கிணற்றுக்கு ஆகும் சேற்றின் விலையும் பல மடங்கு ஏறியது. மூட்டைக் கணக்கில் நடந்த தொழில் வேதியியல் ஆய்வகத் தொழிலானது இங்கேதான்.

2010 பிப்ரவரியில் ஷ்லும்பர்ஜர் சுமார் 1,100 கோடி டாலர் மதிப்பில் ஸ்மித்தை முழுவதுமாக வாங்கப்போவதாக அறிவித்தது. ஆகஸ்டில் அது நிறைவேறியது. இடையே, ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில், கிணற்றிலிருந்த கனமான செயற்கைச் சேற்றை வெளியே எடுத்துக் கடல்நீரால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கேலனுக்கு 14 பவுண்டுக்கு மேல் எடையுள்ள திரவம் போய், 9 பவுண்டும் இல்லாத நீர் வந்தது. கீழே அடைப்பாக இருந்த சிமென்ட் தாங்கவில்லை, வாயு மேலேறியது. ஸ்பிண்டில்டாப்பைப் போலவே முதலில் ரிக்கின் மேல்தளத்தில் வந்து விழுந்தது சேறு. இறந்த 11 பேரில் இருவர் எம்-ஐ ஸ்வாகோவின் சேற்றுப் பணியாளர்கள். பேரேடுகளிலும் பங்குக் கணக்குகளிலும் இந்தத் தொழிலின் வரலாற்றைத் தேடுபவர்கள் அந்த இருவர் நின்ற இடத்தையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். நிறுவனங்கள் வளர்ந்தது அப்படி நின்றவர்களின் தோளில்தான்.

பெருநிறுவனங்களுக்கு வெளியே நின்று வளர முயன்றவர்களும் உண்டு. சுரங்க நிறுவனமாக 1932இல் பதிவான நியூபார்க், 1997 முதல் சிறு சேற்று நிறுவனங்களை வாங்கி இத்தொழிலுக்குள் வந்தது. எண்ணெய் இல்லாமல் நீரையே அடிப்படையாகக் கொண்ட சேற்றை மேம்படுத்தி, பெரியவர்களிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டியது. லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ரிக்கும் லாரியும் புதையாமல் இருக்கத் தரையில் விரிக்கும் தடுக்குகளை வாடகைக்கு விடுவதும் அதன் மற்றொரு தொழில். எண்ணெய் விலையோடு சேற்றுத் தொழில் ஏறி இறங்க, தடுக்குகளுக்கு மின்கம்பி இழுப்போரும் சாலை போடுவோரும் நிலையான வாடிக்கையாளர்களாயினர். 2024இல் நியூபார்க் தன் சேற்றுப் பிரிவை விற்றுவிட்டது, பெயரையும் என்.பி.கே. இன்டர்நேஷனல் என்று மாற்றிக்கொண்டு, இப்போது தடுக்குகளை மட்டும் வைத்திருக்கிறது.