போர்ட் சிகாகோ துறைமுகம்: கற்பிக்காமல் வேலை வாங்கிய கதை



இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் மலேசியத் தமிழர் குடும்பங்களில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் வளர்த்த கதையும், சயாம் மரண இரயில் பாதைக் கதையுமே முதலில் பேசப்படும். அன்று நம் நாட்டை ஆண்ட ஜப்பானியப் படையை எதிர்த்துப் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கா போரிட்டது. அந்தப் போருக்கு வேண்டிய குண்டுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிய துறைமுகங்களுள் ஒன்றுதான் போர்ட் சிகாகோ. அதன் வரலாற்றை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருத்தல் நலம். ஏன் என்பது கட்டுரையைப் படிக்கும்போதே விளங்கும்.

துறைமுகத்தின் தோற்றம்

பெயரைக் கண்டு இதனைச் சிகாகோ மாநகரம் என எண்ணிவிடலாகாது. இது கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு சிற்றூர். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், மேர் தீவிலிருந்த பழைய வெடிமருந்துக் கிடங்கு போதாமற்போயிற்று. எனவே, 1942இல் இவ்வூரின் ஆற்றங்கரையில் அமெரிக்கக் கடற்படை புதிய ஏற்றுதுறையை அமைத்தது. நாட்டின் உட்பகுதிகளிலிருந்து இரயில் பெட்டிகளில் வந்த குண்டுகளும் எறிகணைகளும் இங்குக் கப்பலேறின.

ஏற்றும் பணியைச் செய்த கடற்படை வீரர் அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களை மேற்பார்த்த அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். கப்பலில் சென்று நாட்டுக்காகப் போரிடலாம் என்னும் கனவோடு படையில் சேர்ந்து, கடற்படைப் பயிற்சியும் பெற்ற இளைஞர்கள் அவர்கள். ஆயினும், நிறத்தைக் காரணங்காட்டி அவர்களுக்குச் சுமை தூக்கும் வேலையே தரப்பட்டது.

கரும்பலகைக் கணக்கு

வெடிகுண்டைக் கையாளுவது எப்படி என அந்த இளைஞர்களுக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. மேற்பார்த்த அதிகாரிகளில் பலருக்கே அவ்வனுபவம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் சங்கம், பழகிய தொழிலாளர்களை அனுப்பிப் பயிற்சி தர முன்வந்தது. கடற்படை அதனை ஏற்கவில்லை. "பெரிய குண்டுகளில் வெடிமுனை பொருத்தப்படவில்லை, ஆகவே அவை வெடிக்கமாட்டா" என்று மட்டும் வீரர்களிடம் சொல்லப்பட்டது.

இரவு பகல் பாராமல், நாளுக்கு மூன்று முறைமாற்றங்களாக வேலை நடந்தது. கப்பலின் ஒவ்வொரு சரக்கறை வழியாகவும் மணிக்குப் பத்து டன் ஏற்ற வேண்டும் என்பது மேலிடத்தின் இலக்கு. எந்தப் பிரிவு எத்தனை டன் ஏற்றியது என்ற கணக்கு ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கப்பட்டது. தத்தம் பிரிவே முந்தும் என்று அதிகாரிகள் தமக்குள் பந்தயம் கட்டினர். கற்பிக்கப் பயன்பட வேண்டிய கரும்பலகை அங்கே விரட்டுவதற்குப் பயன்பட்டது.

1944 ஜூலை 17

அன்றிரவு ஏற்றுதுறையில் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று 'இ.ஏ. பிரையன்'. நான்கு நாள்களாக ஏற்றப்பட்ட ஏறத்தாழ 4,600 டன் வெடிபொருள் அதில் இருந்தது. மற்றொன்று அன்று மாலைதான் வந்து சேர்ந்த 'குவினால்ட் விக்டரி'. இரவு மணி 10:18க்குப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. பிரையன் கப்பல் இருந்த சுவடே இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால், நெவாடா மாநிலத்தின் போல்டர் நகர்வரை அதிர்வு உணரப்பட்டது.

மாண்டவர் 320 பேர். காயமுற்றவர் ஏறத்தாழ 390 பேர். மாண்டவருள் 202 பேர் ஏற்றும் பணியிலிருந்த கறுப்பின வீரர்கள். அடையாளம் காணத்தக்க நிலையில் கிடைத்த உடல்கள் 51 மட்டுமே.

கடற்படை விசாரணை நடத்தியது. வெடிப்பின் சரியான காரணத்தை அறிய இயலவில்லை எனக் கூறப்பட்டது. அதிகாரிகள் எவர்மீதும் பழி சுமத்தப்படவில்லை. ஆனால், ஏற்றியவர்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கக்கூடும் என்ற ஐயம் மட்டும் பதிவாயிற்று. கற்பிக்காதவர் தப்பினர், கற்பிக்கப்படாதவர்மேல் ஐயம் விழுந்தது.

மறுப்பும் தண்டனையும்

வெள்ளை அதிகாரிகளுக்கு 30 நாள் விடுப்புக் கிடைத்தது. தோழரின் உடற்சிதறல்களைப் பொறுக்கிய கறுப்பின வீரர்களுக்கு விடுப்பு இல்லை. மூன்று வாரமே கடந்த நிலையில், ஆகஸ்டு 9ஆம் நாள், மேர் தீவில் மீண்டும் வெடிபொருள் ஏற்றுமாறு கட்டளை பிறந்தது. பயிற்சியிலும் பாதுகாப்பிலும் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. 258 பேர் மறுத்தனர். வேறு எந்தக் கட்டளையிட்டாலும் செய்வோம், இது மட்டும் இயலாது என்றனர்.

மறுப்போருக்கு மரண தண்டனையும் கிடைக்கலாம் என உயரதிகாரி ஒருவர் எச்சரித்தார். பலர் பணிந்தனர். பணிந்தும் 208 பேருக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டது. எஞ்சிய 50 பேர்மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல், அன்று வழக்கறிஞராக அவ்விசாரணையை நேரில் கவனித்தார். பின்பு அவர்களுக்காக மேல்முறையீடும் செய்தார். 1944 அக்டோபர் 24ஆம் நாள் ஐம்பதின்மரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை 15 ஆண்டுச் சிறை. பலருக்குப் பின்னர் அது குறைக்கப்பட்டது.

போர் முடிந்தபின், 1946 ஜனவரியில் அவர்களுள் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். அடுத்த மாதமே கடற்படை தன் நிறப் பாகுபாட்டு விதிகளை நீக்கியது. 1948இல் அதிபர் ட்ரூமன் முப்படைகளிலும் சமத்துவம் வேண்டும் என ஆணையிட்டார். ஆயினும், ஐம்பதின்மர் மீதான தீர்ப்பு மட்டும் மாறவில்லை. 1999இல் அதிபர் கிளிண்டன் பிரெடி மீக்ஸ் என்பவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். வேறு சிலரோ மன்னிப்புக் கேட்கவே மறுத்தனர். குற்றம் செய்தவருக்கல்லவா மன்னிப்பு என்பது அவர்கள் நிலைப்பாடு.

2024 ஜூலை 17ஆம் நாள், வெடிப்பு நிகழ்ந்து சரியாக 80 ஆண்டுகள் நிறைந்த அன்று, 256 வீரர்களின் தண்டனைகளையும் கடற்படை நீக்கியது. ஐம்பதின்மருள் ஒருவரும் அப்பொழுது உயிருடன் இல்லை. போர்ட் சிகாகோ என்ற ஊரும் இல்லை. பாதுகாப்பைக் காரணங்காட்டி 1968இல் அரசு அதனைக் கையகப்படுத்தி இடித்துவிட்டது. ஆற்றங்கரையில் இன்று நினைவிடம் உள்ளது.

நமக்கான பாடம்

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பறைகளிலும் பலகை உண்டு. அதில் எண்களும் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டை எழுதுமுன், அந்த எண்ணை எட்டும் வழியை ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பித்தோமா என ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பெற்றோரும் "ஏன் மதிப்பெண் குறைந்தது?" என்று கேட்குமுன், "எந்தப் பகுதி உனக்கு விளங்கவில்லை?" என்று கேட்கலாமே.

இவ்வரலாற்றை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கூறுங்கள். அந்த ஐம்பது பேர் செய்தது கலகமா என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் விடையையும் அதற்கான காரணத்தையும் பொறுமையுடன் செவிமடுங்கள்.